பொறியியலை இணையத்தில் படிப்பவர்களுக்கு: சிமுலேஷனா, ரிமோட் லேபா, கையில் ஒரு கிட்டா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு பொறியியலை இணையம் வழி படிக்கிறவர்களுக்கு விரிவுரை ஒரு பிரச்சினையே இல்லை. ஐஐடி பேராசிரியர்களின் சர்க்யூட் பாடங்கள் என்.பி.டி.இ.எல். என்ற இந்திய இணையப் பாடத் திட்டத்தின் வழியாக யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. செம்பனைத் தோட்டத்து வீட்டிலும் அதைப் பார்க்கலாம். இடிப்பது ஆய்வுக்கூடத்தில்தான். 2020 மார்ச் 18-இல் கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இது எல்லாருக்கும் புரிந்தது. தூரத்திலிருந்து படிக்கிற பிள்ளைகளுக்கு இது அதற்கு முன்பும் இருந்த கவலை, இன்றும் இருக்கிற கவலை.

வார இறுதிகளில் டிப்ளோமா மாணவர்கள் சிலருக்கு உதவி வருகிறேன். இம்முறை நாங்கள் எடுத்துக்கொண்ட வேலை, வீடமைப்புப் பகுதிக்குப் பின்னால் ஓடும் பெரிய கால்வாயின் நீர்மட்டத்தை அளந்து கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் ஒரு கருவி. 2018-இல் தொடங்கிய ஆசியான் ஸ்மார்ட் நகர வலையமைப்பில் மலேசியாவிலிருந்து கோலாலம்பூர், ஜொகூர் பாரு, கூச்சிங், கோத்தா கினபாலு ஆகிய நான்கு நகரங்கள் இடம்பெற்றன. எங்களைப் போன்ற பட்டணத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. கால்வாய் நிரம்பினால் தண்ணீர் வீட்டுக்குள் வருவது மட்டும் எங்கேயும் ஒன்றுதான்.

இந்த வேலையை மூன்று வழிகளில் கற்றுக்கொடுக்கலாம்: சர்க்யூட்டைத் திரையிலேயே இயக்கிப் பார்க்கும் சிமுலேஷன், தூரத்துக் கருவிகளை இணையம் வழி இயக்கும் ரிமோட் லேப், உறுப்புகளைக் கையில் வைத்துச் செய்யும் கிட். நான் கிட்டைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

சிமுலேஷனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டிங்கர்கேட் என்ற சிமுலேஷன் தளம் இலவசம், பிரௌசரிலேயே ஓடும். வைஃபை உள்ள சிறு கணினிப் பலகையான ஈ.எஸ்.பி.32 போர்டு வேண்டுமென்றால் வொக்வி என்ற தளம் இருக்கிறது. கோடு (கணினி நிரல்) எழுதப் பழகுவதற்கு இவற்றைவிட வசதியான இடம் இல்லை. ரெசிஸ்டர் (மின்தடை) போடாமல் எல்.இ.டி. விளக்கை இணைத்தால் திரையில் வெடிப்புக் குறி தோன்றும், மீண்டும் தொடங்கலாம், செலவு கிடையாது. முதல் சில வாரங்களுக்கு இதுவே போதும்.

ரிமோட் லேப் என்பது வேறு விஷயம். கருவிகள் எல்லாம் உண்மையானவை, ஆனால் அவை வேறொரு ஊரில் இருக்கும். சுவீடனின் பிளெக்கிங்கே தொழில்நுட்பக் கழகம் 1999 முதல் வளர்த்த விசிர் என்ற ரிமோட் லேப் இதற்கு நல்ல உதாரணம். மாணவர் திரையில் இருக்கும் பிரெட்போர்டில் (உறுப்புகளைச் செருகி இணைக்கும் பலகையில்) மவுஸால் வயர் இழுப்பார். அங்கே மின்சாரத்தால் இயங்கும் ரிலே சுவிட்சுகள் அதே சர்க்யூட்டை நிஜ உறுப்புகளால் இணைக்கும், அளவீடு திரும்பி வரும். வருவது நிஜ அளவீடு என்பதால் சிமுலேஷனைவிட ஒரு படி மேல். இதில் என் அனுபவம் சில அமர்வுகளோடு நின்றுவிட்டது, அதனால் தீர்ப்பு சொல்லத் தயங்குகிறேன். ஒன்று மட்டும் உறுத்தியது. கருவி கெட்டுப்போகாமல் இருக்க, ஆபத்தான இணைப்பை அந்த அமைப்பே முன்கூட்டித் தடுத்துவிடுகிறது. ஊர் ஊராகப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஆய்வுக்கூடத்தில் அப்படிச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் பழுது வரவே முடியாத இடத்தில் பழுது பார்க்கக் கற்க முடியாது.

எனக்கு எல்லாமே இந்தப் பழுது பார்ப்பதில் வந்து நிற்கிறது. பொறியியல் ஆய்வுக்கூடத்தால் என்ன கற்க வேண்டும் என்று ஃபைசல், ரோசா என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் எழுதிய கட்டுரை 13 நோக்கங்களைப் பட்டியலிடுகிறது. தோல்வியிலிருந்து கற்பது அதில் ஒன்று, புலன்களால் உணர்ந்து அறிவது இன்னொன்று. மறு ஆண்டு மா, நிக்கர்சன் என்ற வேறு இரு ஆய்வாளர்கள் இந்த மூன்று வகை ஆய்வுக்கூடங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தரப்பும் வெவ்வேறு நோக்கத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு தன் முறையே சிறந்தது என்கிறது என்று கண்டார்கள். அப்படியானால் நமக்கு எந்த நோக்கம் முக்கியம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கால்வாய் ஓரத்தில் மாட்டப்போகும் கருவிக்கு, அது கெட்டால் சரிசெய்யத் தெரிந்த ஆள் இருப்பதுதான் முக்கியம்.

கிட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஈ.எஸ்.பி.32, ஒலியை அனுப்பித் தூரத்தை அளக்கும் ஒரு மீயொலி சென்சார், வயர்கள், வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர். சென்சார் 5 வோல்டில் பதில் அனுப்பும், போர்டோ 3.3 வோல்டுக்கு மேல் தாங்காது. நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டைக் குறைக்க வேண்டும். சரி, இதைச் சிமுலேஷனிலும் படிக்கலாம். அப்புறம் வந்ததுதான் வேறு. வைஃபை இயங்கும் கணத்தில் போர்டு தானாக அணைந்து மறுபடி தொடங்கியது. கோடில் ஒரு குறையும் இல்லை. மாணவர்கள் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்துக் கடைசியில் மலிவான யூ.எஸ்.பி. கேபிளில் வந்து நின்றார்கள். வைஃபை மின்சாரத்தை இழுக்கும்போது அந்த மெல்லிய கேபிளில் வோல்ட் விழுந்துவிடுகிறது. திரையில் வரைந்த கேபிளில் அப்படி எதுவும் விழாது.

அதைவிடப் பெரிய பாடம் கால்வாயில் கிடைத்தது. "சார், மழையே இல்ல, ஆனா மத்தியானம் ஆனா தண்ணி ஏறுதுன்னு காட்டுது" என்றாள் ஒரு மாணவி. அவளே அளவு நாடாவை இறக்கிப் பார்த்தாள். தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. சென்சார் ஒலி போய்வரும் நேரத்தைத்தான் அளக்கிறது. எங்கள் கோடில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று நிலையாக எழுதியிருந்தது, அது 20 பாகை வெப்பத்துக்கான கணக்கு. ஒவ்வொரு பாகைக்கும் வேகம் சுமார் 0.6 மீட்டர் கூடும். காலை 24 பாகை, மதியம் 34 பாகை என்றால், 2 மீட்டர் தூரத்தில் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். ஒலி சீக்கிரம் திரும்பிவிடுவதால் தண்ணீர் அருகில் வந்துவிட்டதாகக் கருவி எண்ணிக்கொள்கிறது. ஒரு வெப்பச் சென்சாரைச் சேர்த்து, கோடில் ஒரு வரியை மாற்றியதும் சரியாகிவிட்டது. இந்தச் சூத்திரம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் நாடாவைக் கையில் பிடித்தவள் இனி அதை மறக்க மாட்டாள்.

செலவைச் சொல்ல வேண்டும். சிமுலேஷனுக்குக் காசு இல்லை. கிட்டுக்கு உண்டு, பராமரிப்பும் உண்டு. பெட்டிக்குள் எறும்பு புகும், ஈரம் ஏறும், சாதாரண சென்சார் வெளியில் தாங்காது. நீர் புகாத வகைக்கு மாறினால், கிட்டத்தில் 20 சென்டிமீட்டருக்குள் வரும் பொருளை அது அளக்காது, அதனால் உயர்த்தி மாட்ட வேண்டும். இருந்தாலும் உறுப்பு போனால் அந்த உறுப்பை மட்டும் ஷாப்பி இணையக் கடையில் வாங்கி மாற்றலாம். ஒரே கிட்டை மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் தோட்டத்துக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும்.

ஸ்மார்ட் நகர வடிவமைப்பு என்று முழுப் பட்டணத்தையும் எடுத்துக்கொண்டால் மட்டும் என் வாதம் பாதியில் நின்றுவிடும். எந்தக் கால்வாயை அகலப்படுத்தினால் எங்கே வெள்ளம் குறையும் என்று பார்க்க ஊரையே மூழ்கடிக்க முடியாது. அங்கே சிமுலேஷன்தான் வழி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எஸ்.டபிள்யூ.எம்.எம். மென்பொருள் 1971 முதல் மழைநீர் வடிகால் கணக்குக்குப் பயன்படுகிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. நான் அதில் இன்னும் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு நம் ஊருக்குப் பொருந்துகிறதா என்று சரிபார்க்க, நம் கால்வாயில் எடுத்த அளவு வேண்டும். மழை பெய்த நேரமும் நீர்மட்டம் ஏறிய நேரமும் கையில் இல்லாமல் மாதிரியைத் திருத்த முடியாது. அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்பாக, பாலத்துக்குக் கீழே இரண்டாவது கருவியைப் பொருத்துவதாக இருக்கிறோம்.