ஏஓஎல், எக்ஸைட்@ஹோம்: எந்தப் பங்கு தேவலை?

2000-இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒருவர் இணைய நிறுவனப் பங்கு வைத்திருக்கிறார். அது தொலைபேசி வழி இணைய சேவை தந்த ஏஓஎல்லா, டிவி கேபிள் வழி அதிவேக இணையம் தந்த எக்ஸைட்@ஹோமா? இரண்டின் தலையெழுத்தும் கேபிளோடு பிணைந்துதான் இருந்தது.

ஏஓஎல் 2000 ஜனவரி 10-இல் ஊடக, கேபிள் நிறுவனமான டைம் வார்னருடன் இணைப்பை அறிவித்தது. ஒரு ஏஓஎல் பங்குக்குப் புதிய நிறுவனத்தில் ஒரு பங்கு. டைம் வார்னர் பங்குக்கு ஒன்றரை. கணக்குப் போட்டால் ஏஓஎல்காரர்களுக்கு 55 சதவீதம். இதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். உச்சத்தில் ஊதியிருந்த பங்கைக் கொடுத்து, மாதாமாதம் காசு வரும் கேபிள் இணைப்புகளையும் சிஎன்என், எச்பிஓ போன்றவற்றையும் வாங்கிவிட்டார்கள். அப்புறம் 2002-இல் கிட்டத்தட்ட 9,900 கோடி டாலர் நஷ்டம் வந்தது, விலை பாதாளத்துக்குப் போனது. ஆனாலும் கையில் ஏதோ மிஞ்சியது. உண்மையில் ஏமாந்தது பழைய டைம் வார்னர் பங்குதாரர்கள்தான். பாவம், அவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எக்ஸைட்@ஹோம் கதை வேறு. வீட்டுக்குள் வரும் கம்பி அதற்குச் சொந்தமில்லை, கேபிள் நிறுவனங்களுடையது. அதன் கடிவாளத்தைப் பிடித்திருந்தது டிசிஐ என்ற கேபிள் டிவி நிறுவனம். 1999-இல் டிசிஐயைத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி வாங்கியபோது அந்தக் கடிவாளமும் சேர்ந்தே கைமாறியது. சாதாரணப் பங்குதாரர் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. 2001 செப்டம்பரில் திவால் மனு. அடுத்த பிப்ரவரியில் சேவையே நின்றது.

இரண்டில் ஒன்று என்றால், நான் ஏஓஎல் பங்கைத்தான் எடுப்பேன்.