தோப்பு வேலையில் டி2 கத்தியும் லாரிப் பட்டை அரிவாளும்

தென்னந்தோப்பு வேலைக்கு என்னிடம் இருப்பவை மூன்று: லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாள், டி2 என்ற கருவி எஃகில் ஒரு தடித்த கத்தி, 14சி28என் என்ற துருப்பிடிக்காத எஃகில் ஒரு மடக்குக்கத்தி. மூன்றும் சில வருஷங்களாக அடிபடுகின்றன. கூர் எத்தனை நாள் நிற்கும் என்பதை மட்டும் கேட்டுக் கத்தி வாங்குபவர்கள் பாதி விஷயத்தைத்தான் கேட்கிறார்கள் என்பது என் கட்சி.

கூர் நிற்பதில் டி2-வைக் குறை சொல்ல முடியாது. உரச்சாக்கு, சொட்டுநீர்க் குழாய், மண் ஏறிய கயிறு எல்லாவற்றுக்கும் அதுதான். கயிற்று மணல் மற்ற கத்திகளின் வாயைச் சீக்கிரமே தின்றுவிடும். இது வாரக்கணக்கில் தாங்குகிறது. சுமார் 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். இரண்டும் சேர்ந்து உருவாகும் கார்பைடு என்ற மிகக் கடினமான துகள்கள்தான் தேயாமல் காக்கின்றன. குரோமியத்தில் கணிசமான பங்கு அந்தத் துகள்களிலேயே மாட்டிக்கொள்வதால், மழைக்காலத்தில் லேசாகத் துருவும் பிடிக்கிறது.

கொத்த ஆரம்பித்தால் கதை மாறுகிறது. சாதாரண டி2-வில் துகள்கள் பெரிசு, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். காய்ந்த மட்டையின் அடியைக் கொத்தும்போது கிடந்த சிரட்டையில் கோணலாக இறங்கியது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் வாயில் குட்டிப் பிறைகளாகப் பெயர்ந்திருந்தது, நகத்தை ஓட்டினால் தட்டியது. அரம் அதன்மேல் வழுக்குகிறது. வைரத் தகட்டில் தேய்த்தே சரிசெய்ய வேண்டியிருந்தது, மாலை முழுக்கப் போனது.

அரிவாள் நேர் எதிர். ஸ்பிரிங் எஃகில் கார்பன் 0.6 சதவீதம் அளவுதான். கல்லில் பட்டால் வாய் மடங்கும், பெயராது. மடங்கிய இடத்தைச் சுத்தியலால் தட்டி, அரத்தில் நாலு இழுப்பு இழுத்தால் வேலை தொடரும். ஆனால் கூர் நிற்காது. ஒரு குலை இளநீர் சீவியதுமே அரத்தைத் தேட வைக்கும். இதிலும் தோய்ச்சல்தான், அதாவது காய்ச்சிக் கடினமாக்கி மறுபடி சூடேற்றித் தணிக்கும் பக்குவம்தான் எல்லாம். இதே மாதிரிப் பட்டையில் வேறொரு பட்டறையில் அடித்த அரிவாளின் நுனி முதல் வாரமே ஒடிந்தது. கடினமாக்கிய பிறகு போதிய சூட்டில் தணிக்கவில்லை போலிருக்கிறது. எஃகின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

14சி28என் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார்பன் ஏறத்தாழ ஸ்பிரிங் பட்டை அளவே, குரோமியம் 14 சதவீதம், துகள்கள் பொடிசு. மாங்காய்ச் சாறு பட்டாலும் கறுக்காது, சாதாரணக் கல்லிலேயே கூர் ஏறும். மடக்குக்கத்தியை வைத்துக் கொத்த முடியாது, அவ்வளவுதான்.

டி2-வின் வாய்க் கோணத்தை இப்போது பக்கத்துக்கு 20 பாகையிலிருந்து 25 ஆக்கியிருக்கிறேன். கயிறு அறுக்கும்போது கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கிறது, ஆனால் அப்புறம் பெயரவில்லை. மட்டை, சிரட்டை, விறகு எல்லாம் அரிவாளுக்கு.