சிலிக்கான் கம்பியா, வெள்ளிப் பிளவா, கலப்பு அலைவழியா?

1550 நானோமீட்டர் ஒளியைச் சில்லுக்குள் அலைவழி (ஒளி செல்லும் பாதை) வழியே நடத்துவதில், இழப்பைச் சென்டிமீட்டர் கணக்கில் பார்த்தால் போட்டியே இல்லை. 450×220 நானோமீட்டர் சிலிக்கான் கம்பி சென்டிமீட்டருக்கு 2 டெசிபல் அளவில்தான் இழக்கும் (10 டெசிபல் போனால் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும்). ஆனால் சிலிக்கானுக்குள் அரை அலைநீளமே சுமார் 220 நானோமீட்டர். கம்பியை அதற்குக் கீழே மெலிதாக்கினால் ஒளி அடங்காது, வெளியே வழியும்.

இரண்டு வெள்ளிச் சுவர்களுக்கு இடையே சில பத்து நானோமீட்டர் பிளவு விட்டால் அந்த எல்லை உடைகிறது. விலை கடுமை: புலம் உலோகத்துக்குள் நுழைகிறது, எலெக்ட்ரான்கள் மோதி அதை வெப்பமாக்குகின்றன. 10 மைக்ரான் போவதற்குள் ஆற்றலில் 37 சதவீதமே மிஞ்சும் என்பது இங்கே சாதாரணம்.

கலப்பு அலைவழியில் சிலிக்கானுக்கும் வெள்ளிக்கும் நடுவே ஒரு சிலிக்கா மென்படலம். எல்லைக்குச் செங்குத்தான புலம் சிலிக்காவில் ஏறத்தாழ 6 மடங்கு உயரும். சிலிக்கான், சிலிக்கா இரண்டின் மின்கடவா மாறிலிகளின் விகிதம் அது. ஆற்றலில் பெரும்பங்கு உறிஞ்சாத இடத்திலேயே தங்குவதுதான் இதன் சூட்சுமம். ஓல்டன் குழுவின் 2008 கணிப்பில் முறைமைப் பரப்பு (ஒளி அடங்கும் குறுக்குப் பரப்பு) அலைநீள வர்க்கத்தில் 400-இல் ஒரு பங்கு முதல் 40-இல் ஒரு பங்கு வரை. ஆற்றல் 37 சதவீதமாகக் குறையும் வரையான பயணத் தூரம் 40 முதல் 150 மைக்ரான். படலத்தை ஒடுக்கினால் அடைப்பு இறுகும், தூரம் குறையும்.

ஒப்பிட வேண்டியது சாதனத்துக்கு உண்மையில் எவ்வளவு நீளம் தேவை என்பதை வைத்துத்தான். 20 மைக்ரான் பண்பேற்றி (மின்குறிப்பை ஒளியில் ஏற்றும் சாதனம்) என்று கொள்வோம். பயணத் தூரம் 100 மைக்ரான் உள்ள கலப்பு வழியில் 0.9 டெசிபல் போகும். இரு முனை இணைப்புக்கும் தலா 1 டெசிபல் கூட்டினாலும் 3-ஐத் தாண்டாது. வெள்ளிப் பிளவு இணைப்பைச் சேர்க்காமலே 8.7 டெசிபலைத் தின்றுவிடும். சிலிக்கான் 20 மைக்ரானில் எதையும் இழக்காதுதான். ஆனால் வழக்கமான மின்னூட்டம் நீக்கும் வகை மாக்-ஸெண்டர் (ஒளியை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்க்கும்) பண்பேற்றிக்கு மில்லிமீட்டர் கணக்கில் நீளம் வேண்டும். வெறுமனே ஒளியைக் கடத்தவா? சிலிக்கானோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தயாரிப்பில் முதலில் சறுக்குவது ஒட்டுப்படலம். வெள்ளி பிடித்துக்கொள்ள வேண்டும் என்று 2 நானோமீட்டர் டைட்டானியமோ குரோமியமோ இட்டால், புலம் உச்சத்தில் இருக்கும் எல்லையிலேயே ஓர் உறிஞ்சி உட்கார்ந்துவிடும். அடுத்தது முனைவாக்கம், அதாவது ஒளிப்புலம் அதிரும் திசை. உலோகம் மேலே இருக்கும் அமைப்பில் ஒளிப்புலம் செங்குத்தாக இருக்க வேண்டும். கிடைப்புலத்தை அனுப்பிவிட்டு அடைப்பு வரவில்லை என்று தேடிப் பயனில்லை. கணினிக் கணிப்பில் படலத்தைப் பிரிக்கும் வலைக் கட்டத்தின் அளவு 1 நானோமீட்டருக்கு மேல் வேண்டாம். அதிலும் பருப்பொருள் (கட்டியான) வெள்ளியின் மதிப்பை இட்டால், நுண்படிக மணிகள் நிறைந்த மெய்யான படலத்தைவிட இழப்பு குறைவாகவே காட்டும்.

அளக்க ஒரே நீளம் போதாது. 10, 20, 40, 80 மைக்ரான் எனச் செய்து டெசிபலை நீளத்துக்கு எதிராக வரையுங்கள். கோட்டின் சாய்வு பயண இழப்பு, நீளம் சுழியாகும் இடத்தில் கோடு காட்டும் வெட்டுப்புள்ளி இணைப்பு இழப்பு. சாய்வு பெரிதானால் வெள்ளிப் படலத்தையும் ஒட்டுப்படலத்தையும் பாருங்கள். வெட்டுப்புள்ளி பெரிதானால் இணைப்புக் கூம்பை (இரு முனைகளிலும் ஒளியை உள்ளே வெளியே மாற்றும் குறுகும் பகுதியை) திருத்துங்கள்.