ஊட்டியில் நான்கு பனிக்காலம் கண்ட முயல் கூண்டு

எங்கள் வீடு தலைகுந்தா பக்கம். நவம்பர் வாக்கில் நீர்ப்பனி தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் விடியும்போது புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியது போல உறைபனி படிந்திருக்கும். கொல்லையில் உள்ள கூண்டில் கறுப்பி, சாம்பி என்ற இரண்டு பெண் முயல்கள் நான்கு குளிர்காலங்களைக் கழித்திருக்கின்றன.

முயல் குளிர் தாங்காது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். உண்மையில் அது அஞ்ச வேண்டியது வெயிலுக்கு. 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் முயல் வளர்ப்பதும் இதே போன்ற குளிரில்தான். அதன் ரோமமே நல்ல போர்வை. அந்த ரோமம் நனைந்துவிட்டால்தான் ஆபத்து.

இதை முதல் வருடமே பட்டுத் தெரிந்துகொண்டேன். காற்று புகக்கூடாது என்று கூண்டின் நான்கு பக்கமும் பிளாஸ்டிக் தாள் சுற்றினேன். காலையில் தாளின் உட்புறம் முழுக்க நீர் முத்துகள். வைக்கோல் நசநசத்துக் கிடந்தது, சிறுநீர் நெடி கண்ணைக் கரித்தது. பத்து நாளில் சாம்பி தும்மத் தொடங்கியது. மூக்கைத் துடைத்துத் துடைத்து முன்னங்கால்களின் உட்பக்க முடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. கால்நடை மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன் கூண்டைப் பற்றித்தான் கேட்டார். அன்றே தாளைப் பிரித்துப் போட்டேன். பாவம், அது தேற மூன்று வாரம் ஆனது.

இப்போது கூண்டு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், சுவரை ஒட்டி, காலை வெயில் விழும்படி கிழக்கு பார்த்து நிற்கிறது. உள்ளே ஒரு மூலையில் பலகைப் பெட்டி. இரண்டும் ஒட்டிப் படுக்கும் அளவுதான், பெரிதாக இருந்தால் கதகதப்பு தங்காது. மாலை ஐந்து மணிக்கு முன்பக்கக் கம்பிவலையின் மேல் சாக்குப் படுதாவை இறக்குகிறேன். கூரைக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி எப்போதும் திறந்தே இருக்கும். சாக்கு பனியில் நனைந்துவிடும் என்பதால் இரண்டு வைத்து மாற்றி மாற்றிக் காயப்போடுகிறேன்.

பெட்டிக்குள் ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல். கீழ்நாட்டிலிருந்து வரவேண்டியிருப்பதால் இங்கே அது மலிவில்லை. ஒரு வருடம் மரத்தூள் போட்டுப் பார்த்தேன். ஈரத்தில் கட்டி தட்டியது, தூசியும் அதிகம். வைக்கோல் தாளுக்குள் காற்று நிற்பதால் சூடு தங்குகிறது. போன ஜனவரியில், வெளியே வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடிபோல் பனி கட்டியிருந்த ஒரு காலையில், அவை படுத்து எழுந்த குழிக்குள் கை வைத்தேன். அடுப்பங்கரைத் திண்ணை போல வெதுவெதுப்பாக இருந்தது. தினமும் நனைந்த மூலையை அள்ளிவிட்டால் போதும், வாரம் இருமுறை முழுவதும் மாற்றுகிறேன்.

தொங்கவிடும் தண்ணீர் பாட்டில் குளிர்காலத்துக்கு உதவாது. உள்ளே தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், நுனிக் குழாயின் உருண்டை மட்டும் உறைந்து அடைத்துக்கொள்ளும். கனமான மண்சட்டியில் காலை ஆறு மணிக்கு வெதுவெதுப்பான நீர் வைக்கிறேன். மின்விளக்கு போட்டதும் தவறு. ஒரே வாரத்தில் வயரில் பல் தடம் பார்த்து அகற்றிவிட்டேன். மிகக் கடுமையான இரவுகளில் மட்டும், கை பொறுக்கும் அளவு சூடேற்றிய செங்கல்லைத் தடித்த துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைக்கிறேன். இரவில் வீட்டுக்குள், பகலில் வெளியே என்று மாற்றுவதே இல்லை.

குளிரில் அவை அதிகம் தின்னும். செரிமானத்தில்தான் உடல் சூடு பிறக்கிறது என்பதால் உலர்ந்த புல்லை இரவு முழுக்கக் குறையாமல் வைக்கிறேன். பனி படிந்த புல்லை அறுத்து அப்படியே போடுவதில்லை. காது தொட்டால் சில்லென்றிருப்பதற்குப் பயப்பட வேண்டாம். தீனியைத் தொடாமல், உடலைக் குறுக்கி ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால், புழுக்கையும் போடவில்லை என்றால், மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.