அலைக்கு தனுஷ்கோடியா, தொண்டியா?

காரைக்குடியில் இருந்துகொண்டு கடலைப் படம் எடுக்கிறேன் என்றால், "இங்கே ஏதுங்க கடல்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நம் ஊரில் கண்மாயும் ஊருணியும்தான். ஆனால் தேவகோட்டை, திருவாடானை வழியாக பஸ் ஏறினால் காலைச் சாப்பாட்டு நேரத்துக்குத் தொண்டிக் கரையில் இறங்கிவிடலாம். இன்னொரு பக்கம் ராமநாதபுரம், பாம்பன் எல்லாம் தாண்டி 170 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் போனால் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை. புதிதாக கேமரா வாங்கிய பிள்ளைகள் இந்த இரண்டில் எதற்குப் போகலாம் என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் பல வருடமாகப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் கடலைப் பற்றி. தனுஷ்கோடியில் சாலைக்கு ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறு பக்கம் பாக் நீரிணை. அங்குள்ளவர்கள் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். தெற்கே இந்தியப் பெருங்கடல் வரை திறந்து கிடப்பதால் தொலைவில் கிளம்பிய அலை அப்படியே வந்து மோதுகிறது. வடக்கில் ஆழம் குறைவு. இலங்கையும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் அலையை மறித்துவிடுகின்றன. தொண்டி இந்தப் பெண் கடலின் கரைதான். வருடத்தில் பாதி நாள் அங்கே அலை கணுக்கால் உயரத்துக்குக்கூட எழும்பாது.

அப்படியானால் அலைக்குத் தனுஷ்கோடிதான், பேச்சே இல்லை என்று தோன்றும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆடி மாதம் அங்கே போய் நின்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். காற்று ஆளைத் தள்ளும். சாலையோரக் கல்சுவரில் மோதிய அலை தலைக்கு மேலே எழுந்து உடைந்து தார்ச்சாலையில் வந்து விழும். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வைத்து எடுத்தால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக நிற்கும். 1/8 நொடிக்கு இறக்கினால் அதே அலை பஞ்சு பிரித்த மாதிரி இழை இழையாக வரும்; ஆனால் அந்தக் காற்றில் முக்காலி நிற்காது. பையில் மணலை நிரப்பி முக்காலியின் நடுக்கம்பியில் தொங்கவிடுங்கள்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அலைக்குள் வெளிச்சம் ஊடுருவி, உச்சி மட்டும் பச்சைக் கண்ணாடி மாதிரி ஒளிர்கிற படம்தான் எல்லோருக்கும் வேண்டும். அதற்குச் சூரியன் அலைக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆடியில் சூரியன் வடகிழக்கில் எழுகிறது. ஆண் கடலைப் பார்த்து நின்றால் வெளிச்சம் நம் முதுகுப் பக்கம். அலை முரட்டுத்தனமாக வரும், ஆனால் ஒளிராது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்குக்கு நகர்ந்து அலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கிடைக்கும். அப்போது ஆண் கடல் அடங்கிப் போயிருக்கும். அலையும் ஒளியும் அங்கே ஒன்றாகச் சேர்வது அபூர்வம்.

தொண்டியில் இது நேர்மாறு. கரை கிழக்கே பார்த்தது. கார்த்திகையில் வாடைக்காற்று எழும்போது, சாதுவாகக் கிடந்த பெண் கடல் புரள ஆரம்பிக்கும். அதே நேரம் சூரியனும் கடலுக்குள்ளிருந்தே எழும். மேகம் விலகுகிற காலை ஒன்று கிடைத்தால் போதும், முழங்கால் உயர அலையும் விளக்கேற்றியது போல நிற்கும். தண்ணீர் கலங்கியிருப்பதால் பச்சை வராது, கருப்பட்டிக் காப்பியின் நிறம்தான் வரும். எனக்கு அந்த நிறம் பிடிக்கிறது. மணலில் உட்கார்ந்து, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். சின்ன அலையும் பெரிதாகத் தெரியும். ஆழமில்லாத கரை என்பதால் தைரியமாக இப்படி உட்காரலாம். தனுஷ்கோடியில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அங்கே நீரோட்டம் பொல்லாதது.

அடுத்தது கரையில் இருக்கும் மனிதர்கள். எனக்கு அலையைவிட முக்கியம் இதுதான்.

தனுஷ்கோடி என்றதும் 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று எல்லோரும் எடுக்கிறார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்ததிலிருந்து அந்தச் சுவர்கள் ஓயாமல் படமாகிக்கொண்டிருக்கின்றன. அங்கே பார்க்க வேண்டியது வேறு. கீற்றுக் குடிசைகளில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்க, நடுமணலில் கையால் குழி தோண்டி, ஊறி வருகிற நல்ல தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். கரைவலை இழுக்கிறவர்கள் கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்துப் பின்னோக்கியே நடப்பார்கள். மீன் சேர்கிற வலையின் மடி கரையேற வெகுநேரம் ஆகும். இதையெல்லாம் எடுக்கலாம்தான். ஆனால் சுற்றுலா வேன்கள் நாள் முழுக்க வந்து போகிற இடம் அது, கேமராவைக் கண்டு அவர்களுக்குச் சலித்துவிட்டது. மாலை ஆனதும் காவல்துறை எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும். அந்தி மங்கிய பிறகு அடுப்பு எரிகிற நேரத்தை நம்மால் எடுக்கவே முடியாது.

தொண்டியில் யாரும் விரட்டுவதில்லை, அவசரப்படுத்துவதும் இல்லை. படகுகளைத் தள்ளி நிறுத்திவிட்டு இடுப்பளவு தண்ணீரில் கூடையோடு நடந்து வருகிறார்கள். கரையில் கடல்தாழை என்கிற கடற்புல் கறுப்புக் கறுப்பாக ஒதுங்கிக் கிடக்கும். நான் அதிகம் எடுத்தது நண்டு வலை பிரிக்கிற பெண்களைத்தான். ஒரு அம்மா பழைய சைக்கிள் ட்யூப்பை மோதிரம் மாதிரி வெட்டி இரண்டு விரல்களில் மாட்டியிருப்பார். நண்டைப் பின்பக்கமாகப் பிடித்து, கொடுக்கில் சிக்கிய நைலான் இழையை ஒவ்வொன்றாக விடுவிப்பார். முதல் இரண்டு முறை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது முறை, "என்ன தம்பி, இன்னைக்கும் இதேதானா?" என்றார். அதற்கப்புறம்தான் எனக்குப் படமே கிடைத்தது. 35 மில்லிமீட்டர் லென்ஸோடு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து எடுத்தது அது. தனுஷ்கோடியில் தூரத்திலிருந்து எடுக்கிற 70-300 ஜூம் லென்ஸை நான் கழற்றுவதே இல்லை.

செலவும் அலைச்சலும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தனுஷ்கோடிக்கு ஒரு நாள் முழுதாகப் போய்விடும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடி ஓடுவதால் காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் போவது இப்போது சுலபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இரண்டு கரையிலும் நாட்டுப்படகு மட்டும்தான் இருக்கும்.

உப்பு இரண்டு இடத்திலும் உண்டு. தனுஷ்கோடியில் கூடவே மணலும் பறக்கும். லென்ஸின் முன்கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடைத்தால் கீறிவிடும். முதலில் ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். அங்கே நின்று லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.

இன்னும் பெரிய அலை வேண்டுமென்றால் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் பாறைகள் இருக்கின்றன. ஆனால் அது நம் ஊரிலிருந்து இரண்டு நாள் வேலை.

ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால் ஆடியில் தனுஷ்கோடிக்குப் போங்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஒதுக்க முடியுமென்றால் தொண்டிதான். என் ஓட்டு தொண்டிக்கே. போன கார்த்திகையில் அந்த அம்மாவின் படத்தைக் காரைக்குடியில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் வெகுநேரம் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் காட்டி, "ட்யூபுகூடத் தெரியுது பாரு" என்றார்.