மூன்று வரி நோட்டும் மணியடிக்கும் போனும்

ஏற்காட்டில் அங்கன்வாடி நடத்தும் எனக்கு நாளைத் திட்டமிட இரண்டு துணைகள்: ஒரு நோட்டு, ஒரு போன்.

எடை பார்க்கும் நாளையும் தடுப்பூசி நாளையும் போன் மறப்பதில்லை. 2021-இல் வந்த போஷன் டிராக்கர் என்ற அரசின் ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலியில் பதிவேற்றியாக வேண்டும் என்பதால் அதை ஒதுக்கவும் முடியாது. ஆனால் பனிமூட்டக் காலையில் சிக்னல் தேடி வாசற்படியில் நின்றால், உள்ளே ஒருவன் பக்கத்தில் இருப்பவளின் சிலேட்டை நக்கிக்கொண்டிருப்பான். போனைக் கண்டால் பாட்டுக் கேட்டு அடம் வேறு.

நோட்டில் முதல் நாள் மாலையே மூன்று வரி எழுதிவிடுவேன்: என்ன கதை, என்ன பொருள், எந்தப் பிள்ளையின் அம்மாவிடம் பேச வேண்டும். நேற்றைய இரண்டாம் வரி, "சில்வர் ஓக் இலை, பசை, பழைய காலண்டர்." காலையில் எதையும் தேடி அலையவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அம்மாக்கள் விடிந்ததும் பிள்ளைகளை விட்டுவிட்டு எஸ்டேட்டுக்கு ஓடுவார்கள். அந்த அமளியில் போனைத் திறக்க ஏது நேரம்?

நோட்டுக்கும் குறை உண்டு. மணியடிக்காது; சத்துமாவுக் கஞ்சி கொட்டினால் அந்த வாரமே பசையாகிவிடும். ஆகவே தேதிகள் போனில், அன்றாடம் நோட்டில். இரண்டில் ஒன்றுதான் என்றால் நோட்டையே எடுப்பேன். பேனாவை மட்டும் நூலில் கட்டி உயரத்தில் மாட்டியிருக்கிறேன்.