மணலில் எது தங்கும்: கூட்டெருவா, தும்புத்தூளா, உமிக்கரியா?

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் வீடு. பின்மதிலோடு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம். தோண்டினால் மணல்தான். அதில் கறிவேப்பிலையும் மிளகாயும் நிற்கின்றன. மண்ணில் சேதனக் காபன், அதாவது உக்கிய செடிகொடியும் எருவும் மண்ணில் விட்டுவைக்கும் காபன், கூட வேண்டும் என்று மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

எல்லோரும் முதலில் சொல்வது கூட்டெரு. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்த மாதங்களில் அதைப் பற்றிக் கதைக்காத வீடில்லை. செடிக்கு அதுதான் சாப்பாடு, சந்தேகமில்லை. ஆனால் சாப்பாடு தீர்ந்துபோகும். நுண்ணங்கிகள் அதைத் தின்று, காபனைக் காபனீரொட்சைட்டாக வெளியே விட்டுவிடும். வெப்பம் 10 பாகை கூடினால் இந்த வேலை ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக நடக்கும். இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆய்வுப் பண்ணையில் ஒரு துண்டு நிலத்துக்கு 1852 முதல் 1871 வரை தொழுவெரு போட்டு நிறுத்தினார்கள். நூறு வருடம் கழிந்த பிறகும், எருவே காணாத பக்கத்துத் துண்டைவிட அதில் காபன் கூட இருந்தது. அங்கே வருடச் சராசரி வெப்பம் சுமார் 10 பாகை, கொழும்பில் 27. அதோடு அந்த மண்ணில் களி உண்டு. களித்துகள் காபனை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். நம் மணலுக்கு அந்தப் பிடி இல்லை. போன வைகாசி மழைக்கு முன் இரண்டு சாக்கு கொட்டினேன். (ஒரு சாக்கில் பாதி பொலித்தீன் துண்டு, அது வேறு கதை.) மார்கழியில் கிளறினால் பழையபடி வெளிறிய மணல்.

தும்புத்தூள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், இலிக்னின் (மரத்துக்கு விறைப்புத் தரும், லேசில் உக்காத பொருள்) அதிகம் என்பதால். ஈரத்தையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதில் நைதரசன் மிகக் குறைவு. உக்கும்போது மண்ணில் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். என் மிளகாய் இலை மஞ்சளானது அப்படித்தான். உப்பும் இருக்கும், கழுவித்தான் போட வேண்டும்.

உமிக்கரி இரண்டுக்கும் எதிர்ப்பக்கம். செடிக்கு அதில் தின்ன ஒன்றும் பெரிதாக இல்லை, நுண்ணங்கிக்கும் அப்படியே. அதனால்தான் அது தங்குகிறது. அமேசன் காட்டுக் கருமண்ணில் பழைய மனிதர் விட்ட கரி நூற்றாண்டுகள் கடந்தும் கிடக்கிறது. மார்கழியில் நான் கிளறிய அதே மணலில், கரி போட்ட மூலையில் மட்டும் மிளகு தூவினதுபோல் கறுப்புப் பொட்டுகள். ஒன்றைக் கவனியுங்கள்: உமி வெள்ளைச் சாம்பலாகும்வரை எரிந்தால் மிஞ்சுவது சிலிக்கா, காபன் போயே போச்சு. கறுப்பாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும்.

சரி, கூடியதை அளக்கலாமா? ஒரு சதுர மீற்றரில் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சுமார் 400 கிலோ மண். காபன் 1 சதவீதம் என்றால் 4 கிலோ. வருடத்தில் 100 கிராம் கூடினாலும், இரண்டடி தள்ளித் தோண்டினால் வரும் வித்தியாசத்துக்குள் அது ஒளிந்துவிடும். சில வருடம் பொறுத்து, பல இடத்தில் எடுத்துப் பார்த்தால்தான் சொல்லலாம்.

இடமும் முக்கியம். நுகேகொடைப் பக்கத்துக் களி கலந்த சிவப்பு மண்ணென்றால் கூட்டெருவுக்கே என் வாக்கு. முத்துராஜவெலச் சதுப்பில் எதுவுமே போடத் தேவையில்லை. தண்ணீருக்கடியில் ஒட்சிசன் இல்லாமல் ஆயிரக்கணக்கான வருடக் காபன் கிடக்கிறது, வடித்துக் காயவிடாமல் இருந்தால் போதும். என் மணலுக்கு உமிக்கரிதான், ஆனால் வெறுமனே அல்ல. இப்போது அதைக் கூட்டெருக் குவியலுக்குள்ளேயே இரண்டு மாதம் ஊறவிட்டு எடுக்கிறேன். மிளகாய் மறுபடி பச்சைக்கு வந்திருக்கிறது.